அறுபதா, அறுபத்தைந்தா? மூப்பு நடக்கும் விதமும் ஓய்வு வயதுக் கணக்கும்

ஓய்வு பெறும் வயதை 60-இலிருந்து 65-க்கு உயர்த்தலாம் என்ற கருத்து 2025-ஆம் ஆண்டில் மலேசியாவில் எழுந்தது முதல், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்ப்பவர் அதை வரவேற்கிறார். இளவயதில் பால் வெட்டத் தொடங்கி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குலை அறுக்கப் போனவரோ, ஐம்பத்தைந்திலேயே முதுகு விட்டுப்போனது, இதற்கு மேல் பத்தாண்டு யாரால் முடியும் என்று கேட்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2030-க்குள் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதை எட்டியவர்களாக இருப்பர், நாடே மூப்படைந்துவிடும் என்ற செய்தியும் கூடவே வருவதால், மூப்பு என்றாலே நாட்டுக்கும் குடும்பத்துக்கும் ஏறுகிற சுமை என்ற எண்ணம் பலர் மனத்தில் பதிந்திருக்கிறது.

மூப்பில் உடலுக்கும் மனத்துக்கும் என்ன நடக்கிறது, அதில் எது தவிர்க்க முடியாதது, எது மருத்துவத்துக்கு உரியது, எது வாழ்ந்த இடமும் செய்த வேலையும் உண்டாக்கியது என்பவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஓய்வு வயதைப் பற்றி ஒரு முடிவுக்கு வர இயலாது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஒரு சொல்லுக்குள் மூன்று நிகழ்வுகள்

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற வாக்கியம் கிளினிக்கிலும் வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் ஒரே மாதிரியாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒரு வாக்கியம் மூன்று வேறுபட்ட நிகழ்வுகளை ஒன்றாக்கிவிடுகிறது.

1. இயல்பு மூப்பு. நோயே இல்லாதவருக்கும் வருவது. மனித உயிரணுக்கள் எல்லையின்றிப் பிரிந்து பெருகுவதில்லை என்பதை லியோனார்ட் ஹேஃபிளிக் 1961-இல் காட்டினார். உயிரணுக்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும் ஆற்றல் குறைவது, மரபணு இழைகளின் முனைகள் தேய்வது, உடலெங்கும் மெல்லிய அழற்சி நீடிப்பது முதலியவை இதில் அடங்கும். இதன் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். முற்றாகத் தவிர்த்தவர் எவரும் இல்லை.

2. நோயால் வரும் மூப்பு. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், மது ஆகியவை இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் மூளையையும் அவற்றின் காலத்துக்கு முன்பே தேய்க்கின்றன. இதை மூப்பின் கணக்கில் எழுதுவது தவறு. இது நோயின் கணக்கு.

3. பயன்படுத்தாமையால் வரும் தளர்ச்சி. உடல்நலம் உள்ள முதியவர்கள் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்ததாக 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சலில் படுத்த தாத்தாவை அன்பு மிகுதியால் எழவிடாமல் இரண்டு வாரம் கட்டிலிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு மருத்துவம் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலும் மீட்க முடியும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடும்போது, மீட்கக்கூடியதும் மீளாமல் போகிறது. என் பார்வையில் முதியோர் விஷயத்தில் நம் சமூகம் இழப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தால் இழப்பதுதான்.

உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காலம்

மூப்பு ஒரு குறிப்பிட்ட பிறந்தநாளில் தொடங்குவதில்லை. முடிவெடுப்பதிலும் அவசரத்தை அடக்குவதிலும் பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. எலும்பின் அடர்த்தி முப்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே ஒரு பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே மற்றொரு பகுதி இறங்கத் தொடங்கியிருக்கும்.

கண்ணில் வெள்ளெழுத்து நாற்பதுகளில் எல்லாருக்கும் வரும். கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கண்புரை பின்னால் வரும்; அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. இவற்றை விட அதிகம் புறக்கணிக்கப்படுவது காது. வயதில் முதலில் போவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் பேச்சின் சத்தம் கேட்கும், ச, த, ப போன்ற மெய்யொலிகள் மட்டும் தெளிவில்லாமல் போகும். விசேஷ வீட்டில் நான்கு பேர் ஒன்றாகப் பேசும்போது பாட்டி பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவர் மனம் வெறுத்துவிட்டார் என்றோ மூளை மங்கிவிட்டது என்றோ முடிவு கட்டும் முன் காதைச் சோதிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகளுக்கு எலும்பு இழப்பு வேகமாக நடக்கிறது. அதுவரை ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குக் காவலாக இருந்தது. அது குறைந்ததும் எலும்பு மெலிகிறது. சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே பல குடும்பங்கள் இதை அறிகின்றன.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நாற்பதுக்கு மேல் மெல்ல இறங்குகிறது. தாக உணர்வும் மழுங்குகிறது. இவ்விரண்டின் விளைவு மருந்தில் தெரியும்: நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அதே அளவு மாத்திரை, எழுபதில் உடலிலேயே நெடுநேரம் தங்கி மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கலாம்.

தசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதுமையில் ஒருவர் தன் காலில் நிற்பாரா, பிறர் கையில் நிற்பாரா என்பதை இதுவே பெரிதும் முடிவு செய்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. இந்தத் தசைக் குறைவுக்கு மருத்துவத்தில் சார்க்கோபீனியா என்று பெயர். 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் இட்டது. தசையின் எடையை விட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, கீழே சறுக்கும்போது ஒரு காலை எடுத்துவைத்துச் சமாளிப்பது, பேருந்துப் படியில் ஏறுவது ஆகிய எல்லாம் இந்த வலிமையைப் பொறுத்தவை.

ஆனால் தசை எந்த வயதிலும் பயிற்சிக்குப் பதில் சொல்கிறது. 1990-இல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி அளித்தனர். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பயிற்சி சாதாரண நடையாக இருக்கவில்லை, எடை தூக்குவதாக இருந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது. காலையில் கோயிலைச் சுற்றி நடப்பது இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது; தசையைக் கட்ட அது மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாகச் செய்வதும், அதற்கு ஈடாக மீன், முட்டை, பருப்பு, தௌபு போன்ற புரதத்தை ஒவ்வொரு வேளையிலும் சேர்ப்பதும் தேவை. மூன்று வேளையும் சோறும் ரசமும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்ளும் மூதாட்டிகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களின் தளர்ச்சியில் ஒரு பங்கு தட்டில் இருந்தே வருகிறது.

தோட்ட வேலை உடலில் எழுதியது

ஒரே ஆண்டில் நட்ட ரப்பர் மரங்களிலும், பட்டையோடு நிறுத்திச் சீவிய மரம் நெடுங்காலம் பால் கொடுக்கும். கத்தி மரத்துக்குள் இறங்கிய மரம் முண்டும் முடிச்சுமாகிச் சீக்கிரம் ஓயும். உடலும் இவ்வாறே, வயது ஒன்றாக இருந்தாலும் வேலை விட்டுச்சென்ற தடம் வேறு வேறு.

விடியும் முன் பிரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய், நிரை நிரையாக மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளியைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த உடலுக்கு இடுப்பும் முழங்காலும் தோள்பட்டையும் முதலில் தேயும். செம்பனையில் சிரமம் வேறு விதம். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால், தலையை அண்ணாந்தபடி மணிக்கணக்கில் ஓலையையும் குலையையும் அறுக்க வேண்டும். இருபது கிலோ வரையிலும் அதற்கு மேலும் எடையுள்ள குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். கழுத்து, முதுகு, மணிக்கட்டு மூன்றும் இதில் தேய்கின்றன. பெண்கள் பலர் பல்லாண்டு முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடித்தனர். அவ்வாறு அடிக்கப்பட்ட களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட், 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

"வாழ்நாள் முழுவதும் உழைத்த உடம்பு, அதற்கு என்ன உடற்பயிற்சி?" என்று கேட்பதுண்டு. உழைப்பும் உடற்பயிற்சியும் உடலில் ஒரே விளைவைத் தருவதில்லை என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டுகின்றன. உடற்பயிற்சி குறுகிய நேரம் நடந்து, பின் உடலுக்கு ஓய்வு கிடைக்கிறது. சுமை தூக்கும் வேலையோ எட்டு மணி நேரம், வெயிலில், வேண்டும்போது நிறுத்த முடியாமல் நடக்கிறது. இரத்த அழுத்தம் நாள் முழுவதும் உயர்ந்தே நிற்கிறது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலிய ஆய்வாளர்கள் இந்த முரணை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு திருப்பம் வருகிறது. உழைப்பு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. உழைத்த காலத்து உணவு நிற்பதில்லை. காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், மதியம் தட்டு நிறையச் சோறு என்ற பழக்கம் தொடரும்போது, இரண்டு மூன்று ஆண்டுகளில் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் தலைகாட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. முக்கிய இனங்களில் இந்தியரிடையேதான் அது அதிகம் என்பதை இந்த வரிசை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓய்வு பெற்ற முதல் ஆண்டு உணவைத் திருத்துவதற்கு மிக ஏற்ற காலம். அந்த ஆண்டில் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போவதுதான் வேதனை.

அறிவு: எது இறங்குகிறது, எது ஏறுகிறது

உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத் திறனை இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலை முன் அனுபவம் இல்லாமல் விரைந்து அவிழ்ப்பது ஒன்று. இதைப் பாய்மத் திறன் எனலாம். வாழ்நாளில் சேர்ந்த சொல்வளம், தொழில் நுணுக்கம், மனிதரை எடைபோடும் பக்குவம் ஆகியவை மற்றொன்று. இது திரண்ட அறிவு. முதலாவது இருபது, முப்பதுகளில் உச்சம் தொட்டு மெல்ல இறங்குகிறது. இரண்டாவது அறுபதுகள் வரை, சிலருக்கு அதற்கு அப்பாலும் ஏறுகிறது அல்லது நிலைத்து நிற்கிறது.

பழைய மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவர் பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் மரத்தின் நிலையைச் சொல்வதும், அவரே கைப்பேசியின் வங்கிச் செயலியில் திகைத்து நிற்பதும் இதனால்தான். அவருக்கு அறிவு குறைந்துவிடவில்லை. செயலி கேட்பது அவரிடம் குறைந்துள்ள திறனை. மரம் கேட்பது அவரிடம் திரண்டுள்ள திறனை. பெயர் சட்டென்று நாவில் வராமல் சற்றுக் கழித்து வருவதும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யத் தடுமாறுவதும் மூளை செயலாற்றும் வேகம் குறைவதால் வருபவை. நேரம் கொடுத்தால் பதில் வரும்.

இங்கே ஓர் ஆராய்ச்சி முறைச் சிக்கலை விளக்க வேண்டும். எழுபது வயதினரையும் முப்பது வயதினரையும் ஒரே நாளில் சோதித்து, மதிப்பெண் வேறுபாட்டை மூப்பின் விளைவு என்று கொள்வது பழைய வழக்கம். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் வார்னர் ஷாய் 1956-இல் தொடங்கிய நீண்ட கால ஆய்வு, அதே மனிதர்களைப் பல்லாண்டு தொடர்ந்து சோதித்தது. அப்போது, மூப்பின் இழப்பு என்று கருதப்பட்டதில் ஒரு பெரும் பகுதி தலைமுறை வேறுபாடு என்று தெரியவந்தது: பின்னால் பிறந்தவர்களுக்குப் பள்ளி, உணவு, மருத்துவம் அதிகம் கிடைத்திருந்தன. தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அறுபது வயது வரை குறிப்பிடத்தக்க சரிவே இல்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பொருள் நன்கு விளங்கும். 1948 ஜூன் 16-இல் இங்கு மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. இன்று எழுபதுகளின் நடுவில் இருப்பவர்கள் அந்த ஆண்டுகளில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். பெண் பிள்ளைகள் பலர் அதுகூட முடிக்காமல், தாய் வெளிக்காட்டு வேலைக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை இன்றைய பட்டதாரிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு "அம்மாவுக்கு ஒண்ணும் புரியல" என்று சொல்லும்போது, 1950-களின் தோட்ட நிர்வாகமும் கல்விக் கொள்கையும் செய்த குறையை அந்த அம்மாவின் மூளை மேல் ஏற்றுகிறோம்.

இதற்கு மருத்துவப் பக்கமும் உண்டு. நினைவாற்றலை அளக்கும் சோதனைகள் பல எழுத்தறிவையும் கணக்கையும் எதிர்பார்க்கின்றன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளிப் பழக்கம் உள்ளவருக்கான கேள்வி. மலாயிலோ ஆங்கிலத்திலோ அது கேட்கப்பட்டால் பின்னடைவு இரட்டிப்பாகும். சோதனைக்கு முதியவரை அழைத்துச் செல்பவர், அவர் எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனார், எந்த மொழியில் சிந்திக்கிறார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மறதி எப்போது நோய்

2018-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய், அதாவது டிமென்ஷியா, இருக்கக்கூடும் என்று காட்டியது. பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோருக்கு அந்நோய் இல்லை என்பதும் அதே எண்ணின் மறுபக்கம். சாவியை வைத்த இடம் மறப்பது வயது. சாவி எதற்கு என்பதே மறப்பது நோய்.

நோயைச் சந்தேகிக்கும் முன் விலக்கிப் பார்க்க வேண்டியவை சில உள்ளன.

1. திடீர்க் குழப்பம். இரண்டு மூன்று நாளில் திடுமெனத் தடுமாறிப் பேசுவது மறதிநோயின் வழக்கமான போக்கு இல்லை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரை அளவு வீழ்ச்சி ஆகியவற்றால் வரும் இந்நிலைக்கு டெலீரியம் என்று பெயர். இது அவசர சிகிச்சைக்கு உரியது. "பாட்டிக்கு ஏதோ பிடிச்சிருக்கு" என்று நாளைக் கடத்துவது உயிருக்கு ஆபத்து.

2. மருந்து. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் எளிதில் கிடைக்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் முதியவர்களுக்கு மந்தத்தையும் குழப்பத்தையும் தரவல்லவை. நீரிழிவுக்குப் பல்லாண்டு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறை நினைவையும் நரம்பையும் பாதிக்கும். இரத்தச் சோதனையில் தெரியும், ஈடுசெய்யவும் முடியும்.

3. மனச்சோர்வு. முதியவர்களிடம் இது அழுகையாக வெளிப்படுவது குறைவு. பசியின்மை, உடல்வலி, தூக்கமின்மை, "ஒண்ணும் பிடிக்கல" என்ற பேச்சு, கவனச் சிதறலால் வரும் மறதி என்று உடம்பின் மொழியில்தான் வெளிப்படும். மேற்சொன்ன 2018 ஆய்வில் ஏறக்குறைய 11 விழுக்காடு முதியோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன.

4. தைராய்டு குறைவு, கேளாமை, பார்வைக் குறைவு.

மறதிநோயைத் தள்ளிப்போட வழி உண்டா என்ற கேள்விக்கு லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் விடை அளித்தது. மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்பது அதன் கணிப்பு. இளமையில் கல்விக் குறைவு, கேளாமை, நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, அதிக மது, புகை, உடலசைவின்மை, தனிமை, பார்வை இழப்பு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர் எவரும் இந்தப் பட்டியலைப் படித்து அமைதியாக இருக்க முடியாது. இளமைக் கல்வியைத் திரும்பிப் போய்க் கொடுக்க முடியாது. காதுக்குக் கருவியும் கண்ணுக்கு அறுவையும் சர்க்கரைக்குக் கட்டுப்பாடும் இன்றே கொடுக்க முடியும்.

மனமும் உறவும்

எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். நடுவயதுக்குரிய ஏழாவது கட்டத்தில் அடுத்த தலைமுறைக்கு எதையேனும் ஆக்கித் தரும் விருப்பமும் தேக்கமும் மோதுகின்றன. எட்டாவதில், வாழ்ந்த வாழ்வை முழுமையாக ஏற்கும் மனநிறைவும், காலம் கடந்துவிட்டதே என்ற கசப்பும் மோதுகின்றன. நாற்பதில் எல்லாருக்கும் நெருக்கடி வரும் என்ற பரவலான நம்பிக்கை, 1965-இல் எலியட் ஜாக்ஸ் அந்தப் பெயரைச் சூட்டிய பிறகு வளர்ந்தது. பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று வருவதில்லை.

வயதோடு மனநிலை சீர்கெடும் என்பதும் சரியன்று. லாரா கார்ஸ்டென்சன் நடத்திய ஆய்வுகளின்படி, எஞ்சிய காலம் குறைவு என்று உணர்பவர்கள் தம் உறவு வட்டத்தைத் தாமாகவே சுருக்கிக்கொள்கிறார்கள். அறிமுகங்களை விட்டு நெருங்கியவர்களை வைத்துக்கொள்கிறார்கள், சச்சரவுகளைத் தவிர்க்கிறார்கள், அன்றாட மனநிலையில் இளையவர்களை விட அமைதி பெறுகிறார்கள். எனவே ஒரு முதியவர் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார் என்பதால் அவருக்குக் குறை இருக்கிறது என்று பொருளில்லை.

தாமே சுருக்கிக்கொண்ட வட்டமும் பிறர் உடைத்த வட்டமும் ஒன்றாகா. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், தோட்டம் விற்கப்பட்டால் லயமே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளே, காலியாகும். ஐம்பது ஆண்டு பக்கத்து வாசலில் உட்கார்ந்தவர்கள் வெவ்வேறு தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினர். பிள்ளைகள் வேலை தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். இங்கே முதியவர் விரும்பித் தேர்ந்த நெருக்கமான வட்டம்தான் அழிந்தது. லயத்து வாசலில் மாலையில் கூடிய அந்தப் பேச்சு ஒரு மருந்தாக இருந்தது என்பது அது போன பிறகே தெரிகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு உண்டு. ஆணுக்கு வேலையோடு பதவியும் நண்பர்களும் நாளின் ஒழுங்கும் ஒன்றாகப் போய்விடுகின்றன. மதுக்கடை அந்த வெற்றிடத்தை நிரப்ப எளிதில் கிடைக்கிறது. பெண்ணுக்கு வெளிவேலை நின்றாலும் வீட்டுவேலை நிற்பதில்லை, பேரப்பிள்ளைகளும் சேர்கிறார்கள். எரிக்சன் சொன்ன ஆக்கம் அவருக்குத் தொடர்கிறது. ஓய்வு என்பதே கிடைப்பதில்லை. சமூக நல இலாகாவின் கீழ் இயங்கும் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருவருக்கும் பயன்படக்கூடியவை. தமிழ் பேசும் ஓர் ஊழியரும் ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் இல்லாத இடத்தில் அவை நம்மவருக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கும்.

செயல்திறன்: ஆளும் இடமும் சேர்ந்தது

உலகச் சுகாதார நிறுவனம் 2015 முதல் முதுமையை வயதாலோ நோய்களின் எண்ணிக்கையாலோ அளக்காமல், செயல்திறனால் அளக்கச் சொல்கிறது. ஒருவர் தமக்கு முக்கியமானதைச் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. அவருடைய உடல், மன ஆற்றலும் அவர் வாழும் சூழலும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

முழங்கால் தேய்ந்த மூதாட்டி தரையோடு இருந்த லயத்து வீட்டில் கோழி வளர்த்தார், கறிவேப்பிலை பறித்தார், கோயிலுக்குப் போனார். அதே முழங்காலோடு, மின்தூக்கி இல்லாத மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு மாற்றப்பட்டபின் அவர் இயலாதவர் ஆகிறார். உடல் மாறவில்லை, வீடு மாறியது. இரண்டு ஆண்டுகளில் படி இறங்காத கால்களின் தசையும் போய், இயலாமை உண்மையாகிவிடும். இழப்பீட்டு வீடு கேட்டுப் போராடும் தோட்ட மக்கள் தரைவீடுதான் வேண்டும் என்று வற்புறுத்துவதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்குபவர்கள் இந்த உடலியல் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வு வயதுக்குத் திரும்பினால்

மெர்டேக்கா (சுதந்திர) ஆண்டான 1957-இல் பிறந்த ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறக்குறைய 56. இன்று மலேசியரின் ஆயுள் எதிர்பார்ப்பு 75-ஐ ஒட்டி உள்ளது. இந்த எண்ணை வைத்து "அறுபதில் ஓய்வு பெற்றால் பதினைந்து ஆண்டுதான்" என்று கணக்கிடுவது பிழை. பிறப்பில் கணக்கிடும் ஆயுளைச் சிறுவயது மரணங்களும் விபத்துகளும் இறக்குகின்றன. அறுபதைத் தொட்டவர் சராசரியாக எழுபதுகளின் இறுதி வரை வாழ்கிறார். சேமிப்பை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

உயர்வை ஆதரிப்பவர்கள் இதையே வாதமாக வைக்கிறார்கள். வாதம் சரி, ஆனால் அது சராசரியைப் பற்றியது. பின்லாந்தின் ஆய்வாளர்கள் 1980-களில் உருவாக்கிய வேலைத்திறன் அளவீடு, வயதைக் கேட்பதோடு நிற்காமல், இந்த உடல் இந்த வேலையின் தேவையை ஈடுகட்டுகிறதா என்று கேட்கிறது. 62 வயதுக் கிராணிக்குத் திரண்ட அறிவு முழுதாகப் பயன்படும். 62 வயதுக் குலையறுப்பவருக்கு வேலை கேட்பதெல்லாம், முதலில் குறையும் தசையையும் மூட்டையும்தான். அவரை நாற்றங்காலுக்கோ தரம் பார்க்கும் வேலைக்கோ மாற்றாமல் வயதை மட்டும் உயர்த்தினால், அவருக்கு அது உரிமையாக இராது.

நடைமுறையில் குழப்பம் தரும் சில விவரங்கள்:

1. 2013 ஜூலை 1-இல் தனியார் துறையில் நடப்புக்கு வந்த சட்டம் வரையறுப்பது குறைந்தபட்ச ஓய்வு வயதை. 60-க்கு முன் வயதைக் காட்டி முதலாளி ஊழியரை ஓய்வில் அனுப்பக் கூடாது என்பதே அதன் பொருள். தொழிலாளி அதுவரை கட்டாயம் உழைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

2. ஊழியர் சேமநிதிப் பணத்தை 55-இல் எடுக்கும் உரிமை தனி ஏற்பாடு. ஓய்வு வயது மாறினால் அதுவும் தானாக மாறிவிடும் என்று கொள்ளக் கூடாது.

3. 60 வயதுக்குப் பின் வேலை செய்யும் மலேசியருக்கு முதலாளி செலுத்த வேண்டிய குறைந்தபட்சச் சேமநிதிச் சந்தா 4 விழுக்காடு மட்டுமே. தொழிலாளியின் பங்கு கட்டாயமில்லை. ஓய்வு வயது உயரும்போது இந்த விகிதமும் உயருமா என்பதைத் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

4. 24 மாதத்துக்கு மிகாத தவணை ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்கு ஓய்வு வயதுச் சட்டம் பொருந்தாது. குத்தகையாளர் வழியாகத் தோட்ட வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் தம் ஒப்பந்தத்தின் காலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. சொக்சோ அல்லது பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிடக் காயத் திட்டம் 60-க்குப் பிறகு வேலை செய்பவரையும் காக்கிறது. இயலாமைத் திட்டம் 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கானது. முதுகோ முழங்காலோ இனித் தாங்காது என்ற நிலையில் உள்ள தொழிலாளி, 60 நிறையும் வரை பொறுத்திருந்தால் விண்ணப்பம் சிக்கலாகும். கிளினிக் அட்டை, எக்ஸ்ரே, நிபுணரின் அறிக்கை ஆகியவற்றை 57, 58 வயதிலேயே சேர்த்து, பெர்கேசோ அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.